எத்தனை தூரம் போவது? தான்சானியா அமீனை எதிர்கொண்ட கதை

1978 நவம்பர் 2 அன்று தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே நாட்டு மக்களிடம் பேசினார். உகாண்டாவின் இடி அமீன் அனுப்பிய படை எல்லை தாண்டி உள்ளே வந்து சில நாட்களே ஆகியிருந்தன. அமீனை அடிக்க நமக்குக் காரணம் இருக்கிறது, வலு இருக்கிறது, மன உறுதியும் இருக்கிறது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். தான்சானியாவில் அந்த வரிகளை இன்றும் நினைவிலிருந்து சொல்பவர்கள் உண்டு. மூன்றைச் சொன்னவர் நான்காவதைச் சொல்லவில்லை: அடித்துக்கொண்டே எதுவரை போவது? அன்று அதற்கு அவரிடமே விடை இருந்திருக்காது. ஐந்து மாதம் கழித்து அவருடைய வீரர்கள் கம்பாலாவின் தெருக்களில் நின்றார்கள்.

அண்டை நாட்டுச் சண்டையில் படையோடு நுழைவதா வேண்டாமா என்ற கேள்வியை, ஒரு தலைவர் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து ஆம் என்றோ இல்லை என்றோ முடித்துவிடுவதாகத்தான் வரலாற்றுப் புத்தகங்களில் படிக்கிறோம். தான்சானியாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே அந்தக் கேள்வி ஏழெட்டு ஆண்டுகள் இழுபட்டது. போர் தொடங்கிய பிறகு ஆற்றங்கரையில் ஒருமுறை, எல்லைக் கோட்டில் ஒருமுறை, இரண்டு நகரங்களின் வாசலில் ஒருமுறை, தலைநகருக்குப் போகும் சாலையில் ஒருமுறை என்று திரும்பத் திரும்ப எழுந்தது. ஒவ்வொரு முறையும் கவனமாகவே எடை போட்டார்கள். எடை போடாமல் விட்டது ஒன்றே ஒன்று: அமீன் போன பிறகு உகாண்டாவை யார் ஆள்வது? நுழைவதைவிட அதுதான் பெரிய கேள்வி என்பது என் கட்சி.

இடி அமீன் என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது பெரும்பாலும் இரண்டு: 1972-இல் இந்திய வம்சாவளியினரை 90 நாள் கெடு வைத்து வெளியேற்றியது, 1976-இல் எண்டெபே விமான நிலையத்தில் நடந்த இஸ்ரேலிய மீட்பு நடவடிக்கை. தான்சானியர்களுக்கு அமீன் வேறு மாதிரியான நினைவு. 1971 ஜனவரி 25 அன்று, அதிபர் மில்டன் ஒபோட்டே காமன்வெல்த் மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் போயிருந்த நேரத்தில், அமீன் ஆட்சியைப் பிடித்தார். ஒபோட்டே வந்து தங்கியது தார் எஸ் சலாமில். நைரேரேவுக்கு அவர் நெருங்கிய தோழர். புதிய ஆட்சியை அங்கீகரிக்க நைரேரே மறுத்தார். ஒபோட்டேயின் ஆட்கள் தான்சானிய மண்ணில் பயிற்சி எடுக்க இடம் கொடுத்தார்.

அதன் விளைவு 1972 செப்டம்பரில் தெரிந்தது. சுமார் ஆயிரம் பேர் கொண்ட ஒபோட்டே ஆதரவுப் படை எல்லை தாண்டியது. கூடவே ஒரு விமானத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எண்டெபேயில் இறங்குவதாகவும் திட்டம். கிழக்கு ஆப்பிரிக்க ஏர்வேஸின் டிசி-9 விமானம் ஒன்றைக் கடத்தினார்கள். அது கிளிமாஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கும்போதே டயர்கள் வெடித்து அங்கேயே நின்றுவிட்டது. தரை வழியாகப் போனவர்களை அமீனின் படை சிதறடித்தது. பதிலுக்கு உகாண்டா விமானங்கள் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள புக்கோபா நகரில் குண்டு போட்டன. சோமாலியாவின் சியாத் பாரே நடுவில் புகுந்து, அக்டோபரில் மொகடிஷுவில் ஓர் உடன்படிக்கை எழுதவைத்தார். இரு தரப்பும் எல்லையிலிருந்து படையைப் பின்னிழுக்க வேண்டும், அடுத்தவர் நாட்டில் கலகம் செய்பவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது. நைரேரே அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஆறு ஆண்டுகளில் அவர் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் 1975 உச்சி மாநாடு கம்பாலாவில் நடந்தபோது தான்சானியா அதைப் புறக்கணித்தது. வெள்ளையர் ஆட்சி கறுப்பர்களைக் கொன்றால் கூச்சல் போடும் ஆப்பிரிக்கா, கறுப்பர் ஆட்சி கறுப்பர்களைக் கொன்றால் வாய் மூடிக்கொள்கிறதே என்பது அன்றைய தான்சானிய அரசின் குற்றச்சாட்டு. 1977 பிப்ரவரியில் உகாண்டாவின் ஆங்கிலிக்கப் பேராயர் ஜனானி லுவும் இரண்டு அமைச்சர்களோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். கார் விபத்து என்று அரசு கதை கட்டியது, யாரும் நம்பவில்லை. அப்போதும் தான்சானியப் படை நகரவில்லை.

இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டால் நைரேரேவைத் தவறாகப் படிப்போம். காலனி ஆட்சியாளர்கள் போட்டுவிட்டுப் போன எல்லைக் கோடுகள் எவ்வளவு அபத்தமானவையாக இருந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது என்று 1964-இல் கெய்ரோ மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். ஒரு கோட்டை அசைத்தால் கண்டம் முழுக்க எல்லாக் கோடுகளும் அசையும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அதே மனிதர் 1968-இல், நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ராவை அங்கீகரித்தார். அந்த முடிவை எடுத்த முதல் ஆப்பிரிக்க நாடு தான்சானியா. மக்களைக் காக்காத அரசுக்கு அந்த மக்கள் மீது உரிமை இல்லை என்பது அப்போது அவர் வைத்த வாதம். ஒரே மனிதருக்குள் இரண்டு நீதி. எல்லை புனிதம் என்பது ஒன்று, எல்லைக்குள் நடக்கும் கொலைக்கு எல்லை கேடயமாக முடியாது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே கொள்கையாக அவர் எப்போதும் எழுதிக்கொள்ளவில்லை. போரின்போதும் எழுதவில்லை.

நடைமுறைக் காரணங்களும் இருந்தன. சொந்தப் படையைப் பற்றிய பயம் ஒரு தலைவருக்கு எப்படி இருக்கும் என்பதை நைரேரே அனுபவித்தவர். 1964 ஜனவரியில் நாட்டின் படையே கலகம் செய்தது. விடுதலை பெற்ற மூன்றாவது ஆண்டிலேயே பிரிட்டிஷ் படையைக் கூப்பிட்டுத்தான் அதை அடக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு பழைய படையைக் கலைத்து, கட்சியோடு பிணைந்த புதிய மக்கள் பாதுகாப்புப் படையை உருவாக்கினார். அதன் கண் பெரும்பாலும் தெற்கே இருந்தது. மொசாம்பிக், ரொடீசியா விடுதலை இயக்கங்களுக்குத் தான்சானியா புகலிடம். வடமேற்கு மூலையில், உகாண்டா எல்லையில், சொல்லிக்கொள்ளும்படியான படை எதுவும் இல்லை.

அந்த மூலையின் நில அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் போரைப் புரிந்துகொள்ள முடியாது. 1890-இல் பெர்லினும் லண்டனும் ஒப்பந்தம் போட்டு, விக்டோரியா ஏரிக்கு மேற்கே தெற்கு அட்சரேகை ஒரு டிகிரியை எல்லையாக வைத்தன. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடு. அந்தக் கோட்டுக்குத் தெற்கே ககேரா ஆறு ஓடுகிறது. கோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சுமார் 1,800 சதுர கிலோமீட்டர் நிலம். சட்டப்படி அது தான்சானியா. ஆனால் தான்சானியாவின் மற்ற பகுதிகளிலிருந்து அங்கே போக வேண்டுமானால் கியாகா என்ற இடத்தில் உள்ள பாலத்தைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். பாலம் போனால் அந்த நிலம் தனித்துவிடும். ஆறுதான் இயற்கையான எல்லை என்று அமீன் பல காலமாகச் சொல்லிவந்தார்.

1978-இல் அமீனின் படைக்குள்ளேயே கசப்பு முற்றியிருந்தது. துணை அதிபர் முஸ்தஃபா அட்ரிசி ஏப்ரலில் ஒரு கார் விபத்தில் படுகாயமடைந்தார். அது விபத்தல்ல என்று அவர் ஆட்கள் நம்பினார்கள். பதவி நீக்கங்கள், பிளவுகள், கலகங்கள். கலகக்காரர்களைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டினார்கள் என்பார் ஒருவர், வீட்டுச் சண்டையை மறைக்க வெளிச் சண்டை தேவைப்பட்டது என்பார் மற்றவர். எப்படியோ, அக்டோபர் கடைசியில் உகாண்டாப் படை பெரும் அளவில் உள்ளே புகுந்தது. நவம்பர் 1 அன்று, இனி ககேரா ஆறுதான் எல்லை என்று அமீன் அறிவித்தார். சில நாட்களில் கியாகா பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பிடித்த பகுதியில் சிப்பாய்கள் கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கொல்லப்பட்டும் காணாமலும் போன பொதுமக்கள் சுமார் 1,500 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நடுவே அமீன், நைரேரேவைக் குத்துச்சண்டைக்கு வரச்சொல்லி, முகமது அலி நடுவராக இருக்கட்டும் என்று அறிவித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி. ககேராவில் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை.

இந்த முதல் கட்டத்தில் எடை போட அதிகம் இல்லை. தன் மண்ணிலிருந்து அன்னியப் படையை விரட்டுவது எந்த நாட்டுக்கும் உரிமை, ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவு அதை ஏற்கிறது. கேள்வி முடியுமா என்பதுதான். அருகிலிருந்த பெரிய படைப்பிரிவு டபோராவில், நாட்டின் நடுப்பகுதியில் இருந்தது. போர்முனைக்கு ரயில் கிடையாது. முவான்சா வரை ரயிலில் வந்து, ஏரியைக் கப்பலில் கடந்து, பிறகு மண் சாலையில் போக வேண்டும். மழைக்காலம் வேறு. அரசு தனியார் லாரிகளையும் பேருந்துகளையும் கையகப்படுத்தியது. ஊர்க்காவல் படையினரையும் தேசியத் தொண்டுப் படையினரையும் சேர்த்ததில் படையின் பலம் சில மாதங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தடுமாற்றங்களும் நடந்தன. முசோமா அருகே தான்சானியாவின் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சொந்த நாட்டு விமானங்கள் மூன்றையே சுட்டு வீழ்த்தின. இருந்தும் நவம்பர் நடுவில் அமீன் பின்வாங்கும் அறிவிப்பை வெளியிட்டார், தான்சானியர்கள் கியாகாவில் தற்காலிக இரும்புப் பாலம் போட்டுக் கடந்தார்கள், ஆண்டு முடிவதற்குள் ககேரா நிலம் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு சமரசம் பேச வந்தது. நைரேரே மூன்று நிபந்தனை வைத்தார். முதலில் படையெடுப்பைக் கண்டியுங்கள், தான்சானிய நிலத்தின் மீது இனி உரிமை கோர மாட்டேன் என்று அமீன் சொல்லட்டும், நாசத்துக்கு இழப்பீடு கொடுக்கட்டும். அமைப்பு முதல் நிபந்தனைக்கே இணங்கவில்லை. கண்டிப்பது அதன் பழக்கமே அல்ல. உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற கொள்கை, காலப்போக்கில் உறுப்பு நாடுகளின் எந்த விவகாரத்திலும் வாய் திறக்காமை என்று ஆகிவிட்டிருந்தது. எனக்குத் தோன்றுவது இதுதான்: 1978 நவம்பரில் அந்த அமைப்பு அமீனின் பெயரைச் சொல்லி ஒரு வரி கண்டனம் வெளியிட்டிருந்தால், நைரேரே எல்லையிலேயே நின்றிருக்க வாய்ப்பு உண்டு. அவருக்கு நிற்க ஒரு காரணம் தேவைப்பட்டது, யாரும் கொடுக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் வைத்த முதல் அடிக்குச் சொன்ன காரணம் நிலவியல். எல்லையில் உள்ள முட்டுக்குலா ஊரின் மேட்டிலிருந்து ககேரா சமவெளி முழுக்கப் பீரங்கியின் கைக்கெட்டும் தூரம். மேடு எதிரியிடம் இருக்கும்வரை, ஊர் திரும்பும் மக்களுக்குப் பாதுகாப்பில்லை. 1979 ஜனவரி 21 அன்று அதைப் பிடித்தார்கள். பிடித்த வீரர்கள் ககேராவில் பார்த்ததற்கெல்லாம் அங்கே பழி தீர்த்தார்கள். ஊரைத் தரைமட்டமாக்கினார்கள், பொதுமக்களையும் கொன்றார்கள். செய்தி கேட்டு அதிர்ந்த நைரேரே, இனி பொதுமக்கள் மீதும் அவர்கள் உடைமை மீதும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். நியாயமான போர் என்று நினைத்த ஒன்றில் தன் படையே அமீனின் படை மாதிரி நடந்துகொள்வதை அவர் அன்று கண்டார். உத்தரவு அடுத்த மாதங்களில் பெருமளவு பலன் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த அடிக்குக் காரணம் மேடு அல்ல, கணக்குத் தீர்த்தல். ககேராவுக்குள் வந்த உகாண்டாப் படைகளுக்குப் பின்னால் இருந்த நகரங்கள் மசாக்காவும் எம்பரராவும். அவற்றைப் பிடித்து ஒரு பாடம் கற்பிப்பது, அதோடு நிறுத்துவது. பிப்ரவரி கடைசியில் இரண்டும் விழுந்தன. மக்கள் ‘சபா சபா’ என்று அழைத்த ராக்கெட்டுகளின் ஓசையை உகாண்டாவின் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. மசாக்காவில் பல கட்டடங்களைப் பிடித்த பிறகும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இந்தக் கட்டத்தில் தற்காப்பு என்ற வாதம் நூலிழையில் நின்றது. நைரேரேவுக்கு அது தெரியாமலில்லை. அதனால்தான் இரண்டு போர்கள் நடக்கின்றன என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினார்: தான்சானியா தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போர் ஒன்று, உகாண்டா மக்கள் தங்கள் விடுதலைக்காக நடத்தும் போர் மற்றொன்று. கம்பாலாவைப் பிடிப்பது இரண்டாவது போரின் வேலை. அதை உகாண்டாவினரே செய்து முடிக்க வேண்டும்.

சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் அழகான பிரிவு இது. குறை என்னவென்றால் இரண்டாவது போரை நடத்த ஆள் இல்லை. ஜனவரியில் ஒபோட்டே, மக்கள் எழ வேண்டும் என்று அறைகூவினார். யாரும் எழவில்லை. நாடு கடந்து வாழ்ந்த உகாண்டாவினரின் ஆயுதக் குழுக்கள் சிறியவை. ஒபோட்டேயின் ஆட்கள், யோவேரி முசேவேனியின் ‘ஃப்ரோனாசா’ என்று தனித்தனியாக, ஒருவரை ஒருவர் நம்பாமல் வந்தார்கள். தான்சானியப் படையின் பின்னால் நடந்துவந்து அவர்களால் ஊர்களைக் காக்க முடிந்தது. முன்னால் நடந்து ஒரு தலைநகரைப் பிடிக்க முடியாது.

இந்தத் தயக்கத்தை முடித்துவைத்தவர் லிபியத் தலைவர் கடாஃபி. லிபியா அமீனுக்கு உதவ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களையும் டாங்கிகளையும் அனுப்பியது. மார்ச் 10 அன்று மசாக்காவிலிருந்து கம்பாலா போகும் சாலையில், லுக்காயா என்ற இடத்தில், லிபிய டாங்கிகளைக் கண்டு தான்சானியாவின் ஒரு படைப்பிரிவு சிதறி ஓடியது. சுற்றிலும் சதுப்பு நிலம், நடுவே ஒற்றைச் சாலை. மறுநாள் இன்னொரு பிரிவு பக்கவாட்டில் வந்து தாக்கி, போரின் போக்கைத் திருப்பியது. லிபியர்கள் பலர் மடிந்தார்கள். மார்ச் கடைசியில் கடாஃபி, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் படையைத் திரும்பப் பெறாவிட்டால் லிபியா நேரடியாகப் போரில் இறங்கும் என்று கெடு வைத்தார். பிறகு ஒரு லிபிய டியூ-22 விமானம் முவான்சா மீது குண்டு வீசியது. குறி தப்பி, ஏரியில் உள்ள சானானே தீவின் விலங்குக் காப்பகத்தில் விழுந்து மான்கள் செத்தன. நைரேரே நாட்டு மக்களிடம் பேசினார். லிபியா வந்ததால் போரின் பரிமாணம் மாறியிருக்கலாம், அமீனைப் பற்றிய நம் கருத்து மாறாது என்றார்.

உண்மையில் மாறியது அவருடைய முடிவு. உகாண்டாவினர் தாமே கம்பாலாவைப் பிடிக்கட்டும் என்ற பேச்சு அத்தோடு நின்றது. லிபியப் படை குறுக்கே இருக்கும்போது அந்தப் பேச்சு வெறும் பேச்சுதான். ஏப்ரல் 7 அன்று எண்டெபே, 11 அன்று கம்பாலா. கம்பாலாவிலிருந்து கிழக்கே ஜின்ஜா போகும் சாலையைத் தான்சானியர்கள் வேண்டுமென்றே அடைக்காமல் விட்டார்கள், லிபியர்கள் தப்பிப் போக. அரபு உலகத்தோடு தீராப் பகை வேண்டாம் என்ற கணக்கு அது. இந்தப் போரில் எனக்கு மிகவும் பிடித்த முடிவும் அதுதான். வெற்றி கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் எதிரிக்கு வழி விடுவது எல்லாத் தளபதிகளாலும் முடிகிற காரியமல்ல. ஜூன் தொடக்கத்தில் படை சூடான் எல்லையைத் தொட்டது. அமீன் லிபியாவுக்கும் பிறகு சவூதி அரேபியாவுக்கும் போய், 2003-இல் ஜித்தாவில் இறந்தார்.

உலகம் இதை எப்படி எடுத்துக்கொண்டது? அதே ஆண்டு ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நாம்பென் நகருக்குள் புகுந்து போல் பாட்டை விரட்டியது. அமீனைவிடப் பல மடங்கு கொடிய ஆட்சி அது. ஆனால் வியட்நாமை உலகம் ஒதுக்கிவைத்தது. ஐ.நா. பொதுச்சபையில் கம்போடியாவின் இருக்கை தொடர்ந்து போல் பாட்டின் ஆட்களிடமே இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கிழக்கு பாகிஸ்தான் விவகாரத்தில், 1971 டிசம்பர் 7 அன்று, போர் நிறுத்தம் கோரும் பொதுச்சபைத் தீர்மானம் இந்தியாவின் எதிர்ப்பை மீறி 104-க்கு 11 என்ற வாக்கில் நிறைவேறியது. தான்சானியாவுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. பாதுகாப்பு அவை இந்த விஷயத்தை விவாதிக்கவே இல்லை. நீதியின் அளவுகோல் மூன்று இடத்திலும் ஒன்றுதான். வேறுபட்டது வல்லரசுகளின் அக்கறை. அமீனுக்காக வாஷிங்டனும் மாஸ்கோவும் பெய்ஜிங்கும் அழப்போவதில்லை. தலையிடுவதன் நியாயத்தை எடை போடும் நாடுகள், தராசின் மறு தட்டில் வல்லரசுகள் எதை வைக்கும் என்பதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். தான்சானியாவுக்கு அந்தத் தட்டு காலியாக இருந்தது, அதிர்ஷ்டம்.

எதிர்ப்பு ஆப்பிரிக்காவுக்குள்ளிருந்துதான் வந்தது. 1979 ஜூலையில் லைபீரியாவின் மன்ரோவியாவில் கூடிய உச்சி மாநாட்டில் சூடானின் நிமைரியும் நைஜீரியாவின் ஒபசாஞ்சோவும் தான்சானியாவைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஒரு நாட்டின் ஆட்சியை அண்டை நாடு படை அனுப்பி மாற்றலாம் என்று ஆகிவிட்டால் நாளை யாருக்குப் பாதுகாப்பு என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வி கேட்டவர்களில் பலர் ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்தவர்கள். அதற்காகக் கேள்வி தவறாகிவிடாது. தான்சானியா தன் தரப்பைச் சொல்லும் ஒரு விளக்க ஏட்டை அங்கே வினியோகித்தது. அதில் அடிப்படை வாதம் தற்காப்புதான், மனித உரிமை அல்ல. அதே மாநாட்டில்தான், மனிதர் மற்றும் மக்களின் உரிமைகளுக்கான ஆப்பிரிக்கச் சாசனம் ஒன்றை எழுதுவதற்கும் தீர்மானித்தார்கள். அது 1981-இல் ஏற்கப்பட்டது.

இனி நான் முதலில் சொன்ன, எடை போடாத கேள்விக்கு வருவோம். கம்பாலா விழுவதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் கடைசி வாரத்தில், தான்சானியாவின் மோஷி நகரில் உகாண்டா அரசியல் குழுக்கள் அவசர அவசரமாகக் கூடின. லிபியப் படை வந்த பிறகு அடுத்த ஆட்சி ஒன்று கையில் தயாராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது. ஒபோட்டே அங்கே வர வேண்டாம் என்று நைரேரே தடுத்தார். காரணம் 1966. அந்த ஆண்டில் உகாண்டாவுக்குள்ளிருந்த புகாண்டா அரசின் மெங்கோ அரண்மனையை ஒபோட்டேயின் உத்தரவில் ராணுவம் தாக்கியது, மன்னர் நாட்டை விட்டு ஓடினார். தாக்குதலை நடத்தியவர் அமீன். பாகண்டா மக்கள் இரண்டு பெயரையும் மன்னிக்கவில்லை. மோஷியில் பிறந்த உகாண்டா தேசிய விடுதலை முன்னணிக்கு மக்கரரே பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் யூசுஃப் லூலே தலைவரானார். தலைவர் ஒருவர், படைகள் பல, கட்சிகள் பல. ஒட்டுப்போட்ட முன்னணி அது.

லூலே 68 நாள் அதிபராக இருந்தார். முன்னணிக்குள் சண்டை மூண்டு அவரை நீக்கியபோது, நீக்கப்பட்டவர் கொஞ்ச காலம் தார் எஸ் சலாமில்தான் கிட்டத்தட்டக் காவலில் இருந்தார். அடுத்து வந்த காட்ஃப்ரி பினைசா, ராணுவத் தளபதி ஒயிட்டே ஓஜோக்கை மாற்றப் பார்த்து 1980 மே மாதம் பதவி இழந்தார். ராணுவக் குழு ஒன்று ஆட்சியை எடுத்துக்கொண்டது. இவ்வளவும் தான்சானியப் படை நாட்டுக்குள் இருக்கும்போதே நடந்தது. அந்தப் படை தலையிட்டால் ஆக்கிரமிப்பு என்பார்கள், ஒதுங்கி நின்றால் கண்டும் காணாமல் விட்டதாகும். நைரேரே இரண்டுக்கும் நடுவில் நிற்க முயன்றார், ஆனால் அவருடைய மனம் எந்தப் பக்கம் என்பது உகாண்டாவில் எல்லோருக்கும் தெரியும். 1980 டிசம்பர் தேர்தலில் ஒபோட்டே வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்ற தரப்புகள் மோசடி என்றன. 1981 பிப்ரவரி 6 அன்று முசேவேனி சில ஆட்களோடு கபாம்பா ராணுவப் பயிற்சி முகாமைத் தாக்கி, கெரில்லாப் போரைத் தொடங்கினார். அதே ஆண்டு நடுவில் தான்சானியப் படை வீடு திரும்பியது. அந்தக் கெரில்லாப் போரில் லுவேரோ பகுதியில் ஐந்து ஆண்டுகள் நடந்த ரத்தக்களரியில் இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு லட்சத்திலிருந்து பல லட்சம் வரை சொல்கிறார்கள்.

தான்சானியா கொடுத்த விலை வேறு. போரில் இறந்த தான்சானிய வீரர்கள் நானூறுக்கும் குறைவு என்பதும், அவர்களில் சண்டையில் விழுந்தவர்களைவிட விபத்திலும் நோயிலும் போனவர்களே அதிகம் என்பதும் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. பணம் வேறு கதை. சுமார் 50 கோடி டாலர் செலவானது என்பார்கள். பெரும்பகுதி தன் கையிருப்பிலிருந்து. காபி விலை இறங்கியிருந்தது. 1977-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்து, விமானம், ரயில், துறைமுகம் எல்லாவற்றையும் தனியாக அமைக்க வேண்டிய செலவு ஏற்கெனவே தலையில் இருந்தது. மேலே 1979-இன் எண்ணெய் விலையேற்றம். பதினெட்டு மாதம் வயிற்றைக் கட்டுங்கள் என்று நைரேரே மக்களைக் கேட்டார். அந்தப் பதினெட்டு மாதம் பல ஆண்டுகளாக நீண்டது. சோப்புக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்ற எண்பதுகளின் தான்சானியா அப்படி உருவானது. அதற்குப் போர் மட்டும் காரணமல்ல. மக்களைக் கட்டாயமாகக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றிய கொள்கை எழுபதுகளின் நடுவிலேயே விவசாயத்தைக் குலைத்திருந்தது. அதை மறைத்து எல்லாவற்றையும் அமீன் தலையில் போடுவது நைரேரே பக்தர்களின் வேலை. பன்னாட்டுச் செலாவணி நிதியத்தோடு பேச்சுவார்த்தை 1979 கடைசியில் முறிந்தபோது நிதியமைச்சர் எட்வின் ம்டெய் பதவி விலகினார். அந்த நிதியம் எப்போது உலகத்துக்கே நிதியமைச்சகம் ஆனது என்று நைரேரே கேட்டார். 1986-இல் அவருக்குப் பின் வந்த அரசு அதே நிதியத்தோடு ஒப்பந்தம் போட்டது.

இன்னொரு கணக்கு மெதுவாக வெளிவந்தது. ஃப்ரோனாசா குழுவில் 1979 போரில் பங்கெடுத்தவர்களில் உகாண்டாவில் வளர்ந்த ருவாண்டா அகதி இளைஞர்களும் இருந்தார்கள். ஃப்ரெட் ருவிக்யேமா அவர்களில் ஒருவர். முசேவேனி 1986 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தபோது அவர் படையில் முக்கியத் தளபதி. 1990 அக்டோபரில் அவரே தலைமை தாங்கி ருவாண்டாவுக்குள் படையெடுத்தார், இரண்டாம் நாளே இறந்தார். பால் ககாமே பொறுப்பேற்றார். அடுத்து 1994-இன் இனப்படுகொலை, அடுத்து காங்கோ போர். இதற்கெல்லாம் நைரேரே பொறுப்பு என்று சொல்வது அபத்தம். ஆனால் எல்லை தாண்டிய படையோடு நடந்துபோனவர்கள், அந்தப் படை திரும்பிய பிறகும் நடந்துகொண்டேயிருந்தார்கள்.

ஆப்பிரிக்கச் சட்டமும் மாறியது. 2000-இல் லோமேயில் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம், போர்க்குற்றம், இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றம் நடக்கும் நாட்டில் ஒன்றியம் தலையிடலாம் என்று 4-ஆம் பிரிவில் சொல்கிறது. 1979-இல் நைரேரே இப்படி ஒரு வரிக்காக என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். 2015 டிசம்பரில் அது சோதனைக்கு வந்தது. புருண்டி அதிபர் என்குருன்சிசா மூன்றாம் முறை பதவிக்கு நின்றதால் வன்முறை வெடித்தது. ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு அவை 5,000 பேர் கொண்ட படை அனுப்ப முடிவு செய்தது. வந்தால் அன்னியப் படையாகக் கருதிச் சண்டையிடுவோம் என்றார் என்குருன்சிசா. 2016 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய தலைவர்கள் படை வேண்டாம், தூதுக்குழு போதும் என்று முடித்தார்கள்.

புருண்டிக்குக் கிழக்கு எல்லை தான்சானியா. 2017-க்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புருண்டி அகதிகள் தான்சானிய முகாம்களில் இருந்தார்கள். இந்தமுறை தான்சானியா படையைப் பற்றிப் பேசவில்லை. சமரசப் பேச்சுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் நியமித்த நடுவர், தான்சானியப் படையோடு உகாண்டாவுக்குள் நடந்துபோன அதே முசேவேனி. அவருக்காக அருஷாவில் பேச்சுவார்த்தையை நடத்தியவர் தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் ம்காப்பா. 1977 முதல் 1980 வரை நைரேரேயின் வெளியுறவு அமைச்சராக இருந்து அமீனுக்கு எதிரான போரை உலக அரங்கில் வாதாடியவர் அவர். புருண்டி அரசு பல சுற்றுகளில் மேசைக்கே வரவில்லை. 2019-இல் ம்காப்பா பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.